கணினிச் சங்கீதமும் அதன் கோளாறுகளும்

ஒரு பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமானால் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வயலின்காரர் முதல் தபேலாக்காரர் வரை அத்தனை பேரையும் ஒரே வேளையில் ஒரே அறையில் கூட்டி, அவர்களில் ஒருவர் தவறினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாக வேண்டும் என்றிருந்த காலம் மலையேறிப் போய், இன்று மடிக்கணினி ஒன்றும், மைக் ஒன்றும், இரண்டையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி ஒன்றும் இருந்தால் வீட்டின் ஓர் அறையிலேயே பாட்டை முடித்து வெளியிட்டுவிடலாம் என்ற நிலை வந்திருக்கிறது.

இந்தச் சௌகரியத்தோடு ஒரு சங்கடமும் கூடவே வந்தது. அந்த நாளில் யந்திரம் மக்கர் செய்தால் அதைக் கவனிப்பதற்கு ஒலிப்பதிவாளர் என்ற நிபுணர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்தார். பாடகர் தம் தொண்டையைக் கவனித்துக்கொண்டால் போதும். இப்போதோ பாடுகிறவரே பதிவாளர், அவரே வாத்தியக்காரர், பழுது பார்ப்பவரும் அவரே. உச்ச ஸ்தாயியை எட்டும் தறுவாயில் ‘படக்’கென்று ஒரு வெடிப்புச் சப்தம் கேட்கிறது, பாடிய சொல் ஹெட்போனில் சற்றே பிந்தி வந்து பாடுகிறவரின் தாளத்தைக் குலைக்கிறது, நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த மைக் இன்று மௌனம் சாதிக்கிறது, இரவெல்லாம் உழைத்த பாட்டைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. இத்தகைய சந்தர்ப்பங்களில் பெரும்பாலோர் செய்யும் காரியம், மென்பொருளை வைதுகொண்டே வேறொரு மென்பொருளுக்கு மாறுவது, அல்லது கடைக்காரரின் யோசனையைக் கேட்டு இன்னும் விலையுயர்ந்த கணினி ஒன்றை வாங்குவது. இரண்டும் அநேகமாக அநாவசியம் என்பதே என் அபிப்பிராயம். எஃப்எல் ஸ்டுடியோ ஆனாலும் சரி, கியூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், ரீப்பர் ஆகியவற்றுள் எதுவானாலும் சரி, இந்த உபத்திரவங்களின் மூலகாரணங்கள் ஏறக்குறைய ஒன்றே. மைக்கிலிருந்து நம் காது வரைக்கும் சப்தம் செல்லும் நெடும்பாதையில் அவை எங்கெங்கோ ஒளிந்திருக்கின்றனவே தவிர, மென்பொருளுக்குள் இருப்பவை சொற்பம்.

கணினி சங்கீதத்துக்காகப் பிறந்ததல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மின்னணு வாத்தியங்கள் தமக்குள் தொடர்புகொள்வதற்கென்று 1983-ல் மிடி என்னும் பொதுவிதி ஏற்பட்டபோது, கம்பி வழியே சென்றது சப்தமல்ல. இந்தச் சுரத்தை இவ்வளவு அழுத்தத்தோடு தொடங்கு, இப்போது நிறுத்து என்னும் கட்டளை மட்டுமே. 1989-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அடாரி கணினிக்காக வெளியிட்ட கியூபேஸும் அத்தகைய கட்டளைகளைப் பதிந்து ஒழுங்குபடுத்தும் சாதனமாகவே இருந்தது. நாதத்தை எழுப்பும் பொறுப்பு வெளியே இருந்த வாத்தியங்களுடையது. 1991-ல் வந்த புரோ டூல்ஸ் குரலையே கணினிக்குள் பதிவு செய்தது என்றாலும், அந்தப் பாரத்தைத் தாங்குவதற்குப் பிரத்தியேகமான அட்டைகளைக் கணினிக்குள் பொருத்த வேண்டியிருந்தது. 1996-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனமே வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்து, குரலுக்கு முழக்கம் சேர்ப்பது, கனம் கூட்டுவது முதலான அலங்காரங்களையெல்லாம் பிளக்-இன் என்னும் துணை நிரல்கள் வழியே கணினியின் சாதாரணப் பிராசஸரே அந்தந்த க்ஷணத்தில் கணக்கிட்டுத் தரும்படி செய்தது. செலவு வெகுவாகக் குறைந்தது, வாஸ்தவம். ஆனால் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஏற்பட்ட அதே பிராசஸரின் தலையில் சங்கீதத்தின் பாரமும் ஏறியது. கடிதத்தில் ஓர் எழுத்து விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தித் தோன்றினால் ஒருவரும் கவனிப்பதில்லை. பாட்டில் அதே தாமதம் லயத்தைக் கொன்றுவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாகக் காதில் விழும் புகார்கள் இரண்டு: ஒன்று கரகரப்பு, மற்றொன்று காலதாமதம். ஒன்றைத் தீர்க்கப் போனால் மற்றொன்று தலைதூக்குகிறதே என்று பலரும் அலுத்துக்கொள்வதற்குக் காரணம், இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதுதான். காற்றில் எழும் ஒலியலையைக் கணினி விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. மனிதச் செவி கேட்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் என்பதாலும், ஓர் அலையைச் சேதமின்றி மீட்க அதன் அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பதாலும், சிறிது இடம் விட்டு, காம்பாக்ட் டிஸ்க் காலத்தில் சாம்பிள் ரேட் எனப்படும் இந்த எண்ணை நிர்ணயித்தார்கள்; சினிமாவுக்கும் வீடியோவுக்கும் 48,000 என்பது வழக்கம். இவ்வளவு எண்களையும் பிராசஸர் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்க இயலாது. ஆகவே, 128 என்றோ 512 என்றோ ஒரு கணக்கு வைத்து, அவ்வளவையும் ஒரே கொத்தாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் கொத்துக்குத்தான் பஃபர் என்று பெயர்.

கல்யாணப் பந்தியில் ஓர் இலைக்கு எதிரே, ஒரே சீரான வேகத்தில் சற்றும் நிறுத்தாமல் சாப்பிடுகிற ஒருவர் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் ஒரு தடவைக்குத் தாராளமாக வைத்துவிட்டால், அடுத்த பந்திக்குப் போய் மற்றவர்களையும் விசாரித்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம். ஒவ்வொரு கரண்டியாக வைத்தால் மூச்சிரைக்க ஓடி ஓடி வரவேண்டும், ஒரு நொடி வேறெங்கேனும் நின்றுவிட்டாலும் இலை காலியாகிவிடும். சாப்பிடுகிறவர் ஒலிபெருக்கி, பரிமாறுகிறவர் பிராசஸர், இலையில் விழும் அளவு பஃபர். இலை காலியாகும் அந்தச் சிறு இடைவெளிதான் நமக்கு வெடிப்பாகவும் கரகரப்பாகவும் கேட்கிறது. அப்படியானால் எப்போதும் தாராளமாகவே வைத்துவிடலாமே என்றால், அப்போது அடுப்பிலிருந்து இறங்கிய சூடான பண்டம் இலையில் ஏற்கெனவே கிடப்பது தீரும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது, இப்போது பாடிய சுரம் காதுக்கு வரத் தாமதமாகும்.

கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பஃபரை 128 என்று வைத்தால் ஒரு கொத்துக்கு 2.9 மில்லி விநாடிதான் ஆகிறது; ஆனால் பிராசஸர் விநாடிக்கு 344 தடவை தன் வேலையைத் தவறாமல் முடித்தாக வேண்டும். 1024 என்று வைத்தால் விநாடிக்கு 43 தடவை வந்தால் போதும். தாமதமோ 23 மில்லி விநாடியாகிவிடும், மைக்கிலிருந்து உள்ளே போவதற்கு ஒன்றும் ஹெட்போனுக்கு வெளியே வருவதற்கு ஒன்றுமாக 46-ஐத் தாண்டும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்வதால் 10 மில்லி விநாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் வாசிப்பைக் கேட்பதற்குச் சமம். கச்சேரி மேடையில் அது சகஜம், ஒருவரும் குறை சொல்வதில்லை. 46 மில்லி விநாடியோ பதினைந்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் மிருதங்கத்தோடு சேர்ந்து பாடுவதற்குச் சமானம்.

எனவே பாடும்போதும் வாசிக்கும்போதும் பஃபரை 64 அல்லது 128 என்று சிறிதாக்கிக்கொண்டு, பதிவு முடிந்து குரல்களைச் சீர்செய்து கலக்கும் மிக்ஸிங் வேலையில் இறங்கும்போது 1024-க்கு ஏற்றிவிடுவதே அனுபவசாலிகள் கையாளும் உபாயம். மிக்ஸிங்கின்போது யாரும் பாடிக்கொண்டிருப்பதில்லை. தாமதத்தைப் பற்றிய கவலையும் இல்லை. இந்த ஒரு மாற்றத்தை அறியாமலே, கணினி பலவீனமானது என்று முடிவுகட்டிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் ஏராளம்.

பஃபரைச் சிறிதாக்கியும் தாமதம் குறையவில்லை என்றால், பாட்டின் கடைசிக் கட்டத்தில், அதாவது மாஸ்டர் டிராக்கில், என்னென்ன பிளக்-இன்கள் அமர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சப்தம் எல்லை மீறாமல் அடக்கும் லிமிட்டர்களுள் பலவும், சிலவகை ஈக்வலைஸர்களும், வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்துத் தீர்மானிக்கும் சுபாவமுடையவை. முன்கூட்டிப் பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சற்று நிறுத்திவைத்தாக வேண்டும். பாட்டு முழுவதையும் அலங்கரித்து முடித்த பிறகு, ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடிவிடலாமே என்று மைக்கின் முன் நிற்பவருக்கு இந்தத் தொல்லை நிச்சயம். அந்தப் பிளக்-இன்களைத் தற்காலிகமாக அணைத்துவிட்டுப் பாடினால் தீர்ந்தது. இன்டர்ஃபேஸிலேயே நேரடிக் கேட்புக்கென்று ஒரு திருகு இருக்குமானால், கணினியைச் சுற்றி வராமல் சொந்தக் குரலை உடனுக்குடன் கேட்கலாம். அப்போது மென்பொருளுக்குள் அதே குரல் கேட்பதை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் குரல் இரட்டையாக ஒலிக்கும். புளூடூத் ஹெட்போன் அணிந்துகொண்டு பதிவு செய்ய முயல்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: வேண்டாம். அதில் நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதமாவது சர்வசாதாரணம். அதன் மைக்கையும் சேர்த்து உபயோகித்தாலோ, தொலைபேசிப் பேச்சுக்கென்று ஏற்பட்ட தரத்துக்கு ஒலி முழுவதும் தாழ்ந்துவிடும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் விஷயத்தில் சிறிது சிரத்தை காட்ட வேண்டும். சாதாரணமாக விண்டோஸ், பாட்டையும் யூடியூபையும் அஞ்சல் வந்த மணியோசையையும் ஒன்றாகக் கலந்தே ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இந்தக் கலவையில் காலம் விரயமாகிறது. அதைத் தவிர்த்து மென்பொருளுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நேரான வழி அமைப்பதற்காகவே ஏசியோ என்ற ஏற்பாடு 1997-ல் உண்டாயிற்று. இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே தரும் ஏசியோ டிரைவரை நிறுவுவதே உத்தமம். தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரைக் கொண்டு சமாளிக்கலாம். பாட்டு மென்பொருள் திறந்திருக்கும்போது யூடியூபில் சப்தம் வரவில்லை என்று சிலர் திகைப்பதுண்டு. ஏசியோ அந்தச் சாதனத்தைத் தனக்கே உரியதாகப் பிடித்துக்கொண்டிருக்கலாமே தவிர, எதுவும் பழுதாகிவிடவில்லை. ஆப்பிள் கணினிகளில் கோர் ஆடியோ என்ற ஏற்பாடு இயல்பாகவே அமைந்திருப்பதால் இந்தச் சிரமம் இல்லை.

டிரைவரும் சரி, பஃபரும் பெரிது, ஆனாலும் கரகரப்பு நிற்கவில்லை என்றால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். மின்சாரச் சிக்கனத்துக்காகப் பிராசஸரின் வேகத்தை அவ்வப்போது குறைக்கும் விண்டோஸின் ஏற்பாடு, பாட்டுக் கோப்புகளை ஓயாமல் இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் ஒன்டிரைவ் போன்ற சேவை, சதா காவல் காக்கும் ஆன்டிவைரஸ், எல்லாவற்றையும்விட வைஃபை சாதனத்தின் டிரைவர், இவை குற்றவாளிகளாக இருப்பதை அடிக்கடி காணலாம். எந்த டிரைவர் பிராசஸரை நெடுநேரம் பிடித்துவைக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற கருவி இந்தத் துப்பறியும் வேலைக்கு மிக உபயோகமானது. அதற்கு முன்பே வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை பாட்டை ஓடவிட்டுப் பார்ப்பது செலவில்லாத பரீட்சை. இன்னொரு காரணம் நம் ஊர் வெயிலுக்கே உரியது. காற்றாடிச் சத்தம் பதிவாகிவிடக் கூடாதே என்று மே மாதத்தில் கதவு ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கினால், அறையோடு மடிக்கணினியும் கொதிக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறிய பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடிய பாட்டு அதன்பின் தடுமாறுவதன் ரகசியம் இதுதான்.

பிராசஸரில் முப்பது சதவீதம்கூட உபயோகமாகவில்லை என்று டாஸ்க் மேனேஜர் காட்டுகிறதே, பிறகேன் வெடிக்கிறது என்பது நியாயமான கேள்வி. அந்த எண் எல்லா உள்ளறைகளுக்கும், அதாவது கோர்களுக்கும், சேர்த்துப் போட்ட சராசரி. ஒரு டிராக்கில் வரிசையாக அமர்த்திய பிளக்-இன்கள் ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியிருப்பதால், அந்த வரிசை முழுவதும் ஒரே கோரின் மீதே விழுகிறது. பாரம் மிகுந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டால், அதாவது கணக்கிட்ட ஒலியை ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டால், பிராசஸர் ஒரேயடியாக இளைப்பாறும்.

சத்தமே வரவில்லை என்பது இரண்டாவது ரகப் புகார். இங்கே நூதனமான கோளாறுகள் அபூர்வம், மறதிதான் அதிகம். சப்தம் போகும் வழியே நாமும் போய்ப் பார்க்க வேண்டும். கண்டென்சர் மைக்காக இருந்தால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் வேண்டும். இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா? கெயின் திருகைத் திருப்பினால் பெட்டியில் பச்சை விளக்கு மினுங்குகிறதா? மினுங்கினால் குற்றம் மைக்கிலும் கம்பியிலும் இல்லை, கணினிக்குள்தான் என்பது நிச்சயமாகிவிட்டது. பாதி வேலை முடிந்தது. விண்டோஸிலும் ஆப்பிளிலும் இப்போதெல்லாம் மென்பொருள்கள் மைக்கைத் தொடுவதற்கு நம் அனுமதி வேண்டும். அவசரத்தில் மறுத்துவிட்டிருந்தால் ஒலியலை வெறும் நேர்க்கோடாகவே பதிவாகிக்கொண்டிருக்கும், பிழைச் செய்தி ஒன்றும் தோன்றாது. அடுத்து, டிராக்கில் தேர்ந்தெடுத்த உள்வழி முதலாவதா, இரண்டாவதா என்பதையும், பதிவுப் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வரிசையைத் தாண்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொத்தான்களை மாற்றத் தொடங்கினால், பத்து நிமிஷத்தில் ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

பாட்டுக்காரர்களை மிகவும் மிரட்டுவது சுருதி இறங்கிப்போகும் விபரீதம். நண்பர் ஒருவர் தம் வீட்டில் வயலின் வாசித்து அனுப்புகிறார். அதை நம் பாட்டில் சேர்த்தால் வயலின் அபஸ்வரமாக, சோம்பலாக, நீண்டுகொண்டே போகிறது. வித்துவான் மேல் குற்றமில்லை. அவர் விநாடிக்கு 48,000 அளவுகளாகப் பதிவு செய்ததை நம் மென்பொருள் 44,100 என்று எண்ணி வாசிக்கிறது. நான்கு நிமிஷப் பாட்டு நான்கு நிமிஷம் 21 விநாடியாக நீள்கிறது, சுருதி ஏறக்குறைய ஒன்றரைச் சுரஸ்தானம் தாழ்கிறது. இரண்டு கட்டையில் பாடியது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே, எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஓர் இடத்தில் போய் நிற்கும். பெரும்பாலான மென்பொருள்கள் வேறுபாட்டைக் கண்டு தாமே மாற்றிக்கொள்கின்றன என்றாலும், இன்டர்ஃபேஸ் ஒரு கணக்கிலும் மென்பொருள் வேறொரு கணக்கிலும் அமைந்துவிட்டால் இந்தத் தவறு இன்றும் நேர்கிறது. சுருதி திருத்தும் பிளக்-இன்னைப் போட்டு இதைச் சரிசெய்யப் பார்ப்பது மகா அபத்தம். அமைப்புக்குப் போய் இரண்டு எண்களையும் ஒன்றாக்க வேண்டும். சினிமாவுக்கோ குறும்படத்துக்கோ போகும் பாட்டானால், தொடங்கும்போதே எல்லோரும் 48,000 என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அளவு மீறிப் பதிவு செய்வதும் ஒரு சாபம். பழைய ஒலிநாடா கொஞ்சம் அதிகப்படியான சத்தத்தை மன்னித்தது. எண்களில் பதியும் யந்திரத்துக்கு உச்சவரம்பு என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டிய அலையின் முடி வெட்டப்பட்டே தீரும், பிறகு எந்தப் பரிகாரத்தாலும் பழைய உருவம் முழுமையாகத் திரும்பாது. 24 பிட் பதிவில் மிகமெல்லிய சப்தத்துக்கும் பெருஞ்சப்தத்துக்கும் இடையே ஏறக்குறைய 144 டெசிபெல் இடமிருப்பதால் பயந்து உச்சத்தை முட்ட வேண்டியதே இல்லை. குரலின் சிகரங்கள் உச்சவரம்புக்கு 12 டெசிபெல் கீழே நின்றால் போதும்.

நாம் ஒன்றும் வாசிக்காதபோதே பின்னணியில் ஓர் ஓங்காரம் கேட்கிறதென்றால் அது மென்பொருளின் ஓசையன்று, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஓசை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழு அலைகளாக அலைவதால், அந்த முரல்வும் அதன் மேல் ஸ்தாயிகளும் ஐந்து கட்டை ஷட்ஜத்துக்குச் சற்றே மேலாக ஒலிக்கின்றன. ஐந்து கட்டையில் பாடுகிறவர்கள் அதைத் தம்பூராவென்று எண்ணிச் சில நிமிஷம் கவனிக்காமலே இருந்துவிடுவதும் சாத்தியம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்; முரல்வு நின்றால் எர்த் இணைப்பில் குறை என்று பொருள். கணினி, இன்டர்ஃபேஸ், ஒலிபெருக்கி ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூன்று துளைப் பலகையில் சொருகினால் அநேகமாகச் சரியாகிவிடும். முரல்வை ஒழிக்க எர்த் முள்ளை முறித்தெறியச் சொல்லும் யோசனைக்காரர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தான காரியம், ஒருநாளும் செய்யலாகாது.

மிடி கீபோர்டு வைத்துக்கொண்டு கர்நாடக சங்கீதத்தைக் கணினியில் இசைக்க முயல்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை காத்திருக்கிறது. மிடியின் விதிப்படி சுரங்கள் 128. கமகத்துக்கு அதில் தனி இடமில்லை, சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்றே கதி. அந்தச் சக்கரத்தின் அசைவு 16,384 படிகளாகப் பதிவாகிறது என்றாலும், அத்தனை படிகளும் சேர்ந்து எவ்வளவு தூரம் சுரத்தை நகர்த்தும் என்பதைத் தீர்மானிப்பது வாத்தியப் பிளக்-இன். வழக்கமான அளவு மேலே இரண்டு, கீழே இரண்டு சுரஸ்தானம். தோடியின் காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைத்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு நாதஸ்வரத்துக்குப் பதில் வீணை வேண்டுமென்று பிளக்-இன்னை மாற்றுகிறோம். புதிய பிளக்-இன்னில் எல்லை 12 என்றிருந்தால், நான்கு சுரஸ்தானங்களுக்குள் அசைந்த கமகம் இரண்டு ஸ்தாயிகளைத் தாவிக் குதிக்கும். வாசிப்பைத் திருத்த வேண்டாம். பிளக்-இன்னின் பிட்ச் பெண்ட் எல்லையைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தால் தோடி மறுபடி தோடியாகிவிடும். விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் ஓயாமல் ஒலிப்பதும் மிடியின் குறும்புகளுள் ஒன்று. தொடங்கு என்ற கட்டளை வந்து, நிறுத்து என்ற கட்டளை வழியில் தவறிவிட்டது. எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் பேனிக் பொத்தான் ஏறக்குறைய ஒவ்வொரு மென்பொருளிலும் உண்டு.

மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்வதற்குக் காரணம் பத்தில் எட்டு ஒன்பது சமயம் ஏதோ ஒரு பிளக்-இன்னாகவே இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். வேறொருவர் எழுதிய நிரல், வீட்டுக்காரரின் அடுப்பங்கரைக்குள்ளேயே புகுந்து வேலை செய்கிறது, அது இடறி விழுந்தால் வீடே இருளுகிறது. எந்தப் பிளக்-இன் என்று கண்டுபிடிப்பது எளிது: பிளக்-இன் கோப்புகளில் பாதியை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பாட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் குற்றவாளி நகர்த்திய பாதியில் இருக்கிறது, திறக்காவிட்டால் எஞ்சிய பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நூறு பிளக்-இன்கள் இருந்தாலும் ஏழு பரீட்சைகளில் விடை கிடைத்துவிடும். பழைய 32 பிட் பிளக்-இன்கள் புதிய 64 பிட் மென்பொருளில் நேராக ஏறுவதில்லை. 2019-ல் வந்த கேடலினா முதல் ஆப்பிள் கணினிகள் 32 பிட் நிரல்களை அறவே கைவிட்டுவிட்டன. திருட்டுப் பிரதிகளைப் பற்றித் தர்மோபதேசம் செய்ய நான் வரவில்லை. பூட்டை உடைப்பதற்காக நிரலையே சிதைத்த ஒரு பிளக்-இன் அடிக்கடி விழுவதும், கூடவே வைரஸ் ஒன்றை அழைத்துவருவதும் ஆச்சரியமல்ல என்று மட்டும் சொல்வேன். ஆடாசிட்டி, ஆர்டர் முதலிய மென்பொருள்கள் சுதந்திரமாகக் கிடைக்கும்போது, ரீப்பருக்கும் மிதமான விலையே என்றிருக்கும்போது, அந்த வழிக்குப் போக அவசியமும் இல்லை. நடுவேலையில் மென்பொருளையோ விண்டோஸையோ புதுப்பிப்பதும் கூடாது; பாட்டைக் கொடுத்து முடித்த மறுநாள் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மறைந்துபோன கோப்புகள் என்பது கடைசிப் புகார். நாம் சேமிக்கும் புராஜெக்ட் கோப்பில் பெரும்பாலும் குரல் இருப்பதில்லை. குரல் எந்த மூலையில் இருக்கிறது என்ற விலாசம் மட்டுமே இருக்கிறது. டெஸ்க்டாப்பிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் இழுத்துப் போட்ட ஒலிகளை இடம் மாற்றிவிட்டால், பாட்டைத் திறக்கும்போது பாதி டிராக்குகள் வெறுமையாகக் கிடக்கும். எல்லா ஒலிகளையும் ஒரே கோப்புறைக்குள் திரட்டிச் சேமிக்கும் கட்டளை அநேக மென்பொருள்களில் உண்டு. பாட்டு முடிந்ததும் அதைச் செய்து, அந்தக் கோப்புறையை இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்துவைப்பது அவசியம்.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு பிடிபடாமல் வேறொருவரிடம் யோசனை கேட்க நேர்ந்தால், வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கணினி என்ன, மென்பொருளும் அதன் பதிப்பும் என்ன, இன்டர்ஃபேஸ் எது, டிரைவர் எது, பஃபர் எவ்வளவு, சாம்பிள் ரேட் எவ்வளவு, முக்கியமாக, எல்லாம் நன்றாக இருந்த நாளுக்கும் இன்றைக்கும் நடுவே எதை மாற்றினீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கேளுங்கள். சத்தம் சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னால் எந்த நிபுணராலும் உதவ முடியாது.